பிராக்ஸி வேண்டாதோர் பட்டியல்

வேடசந்தூர் பக்கத்து நூற்பாலை ஒன்றின் வாசலில், இரவு பத்து மணிக்கு நூல் ஏற்றிய லாரி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். லோடு ஏறிவிட்டது, தார்ப்பாய் கட்டியாயிற்று, டிரைவர் டீ குடித்துவிட்டும் வந்துவிட்டார். பில் மட்டும் வரவில்லை. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனம், இன்னொரு வணிகருக்கு எழுதும் பில்லை அரசின் இ-இன்வாய்ஸ் தளத்தில் பதிவு செய்து, ஐஆர்என் எனப்படும் 64 எழுத்து அடையாளத்தை வாங்கியாக வேண்டும். 2023 ஆகஸ்ட் 1 முதல் இதுதான் விதி. ஆலையின் பில் புரோகிராம் ஆலையில் இல்லை. மும்பையில் ஒரு கிளவுட் டேட்டா சென்டரில், கன்டெய்னராக ஓடுகிறது. அதன் லாகில் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது: கனெக்‌ஷன் டைம்டு அவுட்.

இத்தகைய கோளாறை நோண்டிக்கொண்டே போனால், கடைசியில் பெரும்பாலும் பிராக்ஸி செட்டிங்கில் போய் முட்டும். பிராக்ஸியின் முகவரி தப்பாக இருப்பது அபூர்வம். அதைத்தான் எல்லாரும் முதலில் பார்த்துத் திருத்திவிடுகிறார்களே. யார் பிராக்ஸி வழியாகப் போக வேண்டாம் என்று சொல்கிற இன்னொரு வரி இருக்கிறது. வம்பு அங்கேதான்.

முதலில், பிராக்ஸி எதற்கு? அரசுத் தளத்தோடு ஏபிஐ வழியாக நேரடியாகப் பேச விரும்பும் நிறுவனம், எந்த ஐபி முகவரியிலிருந்து வருகிறோம் என்பதை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அது மாறாத முகவரியாக, இந்திய முகவரியாக இருக்க வேண்டும். (சிறிய ஆலைகள் இந்தத் தலைவலியை ஜிஎஸ்பி எனப்படும் இடைநிறுவனங்களிடம் கொடுத்துவிடுகின்றன. தலைவலி அப்போதும் ஒழிவதில்லை, இடம் மாறுகிறது.) கன்டெய்னரின் குணமோ இதற்கு நேர் எதிர். ஒரு புரோகிராமையும் அதற்கு வேண்டிய கோப்புகளையும் நூலகங்களையும் ஒரே கட்டாகக் கட்டி, எந்த சர்வரில் இறக்கினாலும் ஓடும்படி செய்வதுதான் கன்டெய்னர். 2013-ல் வந்த டாக்கர் இதை எல்லார் கைக்கும் எட்ட வைத்தது. வேலை கூடினால் கூபர்நெட்டிஸ் என்ற மேலாண்மை மென்பொருள் அந்தக் கன்டெய்னரை இரண்டிலிருந்து பத்தாக்கும். ஒரு மெஷின் படுத்துவிட்டால் வேறொன்றில் எழுப்பிவிடும். எழும் ஒவ்வொரு முறையும் ஐபி வேறாக இருக்கும். நிலையான முகவரி கேட்கும் அரசும் நிலையே இல்லாத கன்டெய்னரும் பேசிக்கொள்ள வேண்டுமானால் நடுவில் ஒருவர் தேவை.

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டை விடியற்காலையில் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுற்றுவட்டார விவசாயி முருங்கையையோ தக்காளியையோ கமிஷன் மண்டியில் இறக்கிவிடுகிறார். வாங்கும் கேரள வியாபாரிக்கு மண்டியின் பெயர் தெரியும், தோட்டம் யாருடையது என்று தெரியாது. காசு மண்டிக்கு வந்து, அங்கிருந்து தோட்டக்காரர் கைக்குப் போகிறது. பிராக்ஸி செய்வது இதே வேலைதான். உள்ளே எத்தனை கன்டெய்னர் பிறந்து மறைந்தாலும், வெளியுலகுக்குத் தெரிவது பிராக்ஸியின் ஒரே ஐபி.

ஒரே முகவரிதான் தேவையென்றால், உள் முகவரிகளை ஒரே வெளி முகவரியாக மாற்றித் தரும் நேட் கேட்வே போதுமே என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். போதும். ஆனால் நேட்டுக்கு எண்கள்தான் புரியும். ‘இ-இன்வாய்ஸ் தளத்துக்கும் வங்கிக்கும் போகலாம், வேறெங்கும் போகக் கூடாது’ என்று பெயர் சொல்லிக் கட்டுப்படுத்தவும், யார் எப்போது எங்கே போனார் என்று கணக்கு வைக்கவும் பிராக்ஸிதான் தோது.

பிராக்ஸியோடு பேசும் முறை கொஞ்சம் வேறு. சாதாரணமாக ஒரு புரோகிராம் சர்வரோடு நேராக இணைந்து, ‘இந்தப் பக்கத்தைக் கொடு’ என்று மட்டும் கேட்கும். பிராக்ஸியிடம் போகும்போது முழு முகவரியையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் எந்த சர்வரின் பக்கம் என்று அதற்கு எப்படித் தெரியும்? பூட்டிய எச்டிடிபிஎஸ் இணைப்பானால் இன்னொரு மாற்றம். ‘கனெக்ட்’ என்ற கட்டளையோடு தளத்தின் பெயரையும் 443 என்ற போர்ட் எண்ணையும் புரோகிராம் அனுப்புகிறது. பிராக்ஸி அந்தத் தளத்துக்கு ஒரு குழாய் போட்டு, 200 என்று பதில் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அதற்குப் பிறகு குழாயில் ஓடுவதெல்லாம் மறையாக்கப்பட்டவை. பில்லில் எத்தனை கிலோ நூல், என்ன விலை என்பதெல்லாம் பிராக்ஸிக்குத் தெரியாது. எந்தத் தளத்துக்குப் போகிறது என்பது மட்டும் தெரியும்.

இந்த ஏற்பாட்டின் வேர் ஜெனீவாவில் இருக்கிறது. வலை பிறந்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் ஆரி லுவோட்டனென் எழுதிய பிராக்ஸி சர்வர் பற்றி, அவரும் கெவின் ஆல்டிஸும் 1994 மே மாதம் அங்கு நடந்த முதல் உலகளாவிய வலை மாநாட்டில் ஒரு கட்டுரை அளித்தார்கள். ஃபயர்வாலுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்களும் வலையைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அப்போதைய நோக்கம். எந்த பிராக்ஸிக்குப் போவது என்று புரோகிராமுக்கு எப்படிச் சொல்வது? அவர்கள் எளிய வழியாக சூழல் மாறியைப் பிடித்தார்கள். நம்மூர் டெவலப்பர்கள் என்வி வேரியபிள் என்பார்கள். புரோகிராம் தொடங்கும் நேரத்தில் அதன் கையில் கொடுத்தனுப்பும் ‘பெயர் = மதிப்பு’ சீட்டு அது. எச்டிடிபி_பிராக்ஸி என்று ஒரு சீட்டில் பிராக்ஸியின் முகவரி. நோ_பிராக்ஸி என்று இன்னொன்றில், பிராக்ஸியைத் தொடாமல் நேராகப் போக வேண்டிய பெயர்களின் பட்டியல்.

முப்பதாண்டு கழிந்தும் இன்றுவரை இதுதான் நடப்பு. வலையில் துரும்புக்கும் ஆர்எஃப்சி ஆவணம் உண்டு. இந்தச் சீட்டுகளுக்கு ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் வாய்வழி வந்த வழக்கம். வழக்கம் என்றால் ஊருக்கு ஊர் மாறத்தானே செய்யும்?

இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது கம்பி மெலிது, காசு அதிகம். 1996-ல் வந்த ஸ்க்விட் என்ற இலவச பிராக்ஸி நம் கல்லூரிகளுக்குக் கிடைத்த வரம். ஒரு பக்கத்தை ஒருவர் பார்த்துவிட்டால் அதன் நகலை வைத்துக்கொண்டு அடுத்தவருக்கு உள்ளிருந்தே கொடுத்துவிடும். அந்தக் காலத்து ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு 3128 என்ற ஸ்க்விட்டின் போர்ட் எண், சொந்த ரோல் நம்பரைப் போல மனப்பாடம். பிறகு தளங்களெல்லாம் எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறின. மறையாக்கப்பட்டதை நகல் எடுத்து வைத்து என்ன பயன்? சேமிப்புக் கிடங்காக இருந்த பிராக்ஸி, வாசலில் நிற்கும் காவலாளி ஆகிவிட்டது. சீட்டுகள் மட்டும் 1994-ல் இருந்த அதே சீட்டுகள்.

கன்டெய்னர் வந்ததும் ஒரு புதுக் குழப்பம் சேர்ந்தது: சீட்டை யாரிடம் கொடுப்பது? ஒரு கன்டெய்னர் ஓடுவதற்குள் குறைந்தது மூன்று பேர் வெளியே போய் வருகிறார்கள். இமேஜ் எனப்படும் அந்தக் கட்டை இணையத்திலிருந்து இறக்குபவர் ஒருவர். அவர் டாக்கரின் பின்னணிச் சேவை. கட்டைக் கட்டும்போது தேவையான நூலகங்களை இறக்குவது இன்னொருவர். கட்டு ஓடத் தொடங்கியதும் உள்ளே இருக்கும் நம் பில் புரோகிராம் மூன்றாமவர். ஒருவரிடம் கொடுத்த சீட்டை மற்றவர் பார்ப்பதில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன், தன் டெர்மினலில் எச்டிடிபிஎஸ் தளங்களுக்கான எச்டிடிபிஎஸ்_பிராக்ஸி சீட்டை வைத்துவிட்டு டாக்கரிடம் இமேஜ் கேட்கிறான், வரவில்லை. ஆனால் அதே டெர்மினலில், வலை முகவரியைக் கேட்டு வாங்கும் கர்ல் என்ற கட்டளையைப் போட்டால் வருகிறது. அரை நாள் போய்விடும். இமேஜை இறக்குவது அவன் டெர்மினல் அல்ல, மெஷின் பூட் ஆனபோதே சிஸ்டம்டி என்ற சேவை மேலாளர் எழுப்பிவிட்ட சேவை. அதற்கு இவன் டெர்மினலில் என்ன சொன்னான் என்பதே தெரியாது. அந்தச் சேவையின் செட்டிங்கில் தனியாக எழுதி, அதை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

மூன்று இடத்திலும் சொல்ல அலுத்துப்போய், பலர் பிராக்ஸி முகவரியை இமேஜுக்குள்ளேயே எழுதிவிடுகிறார்கள். செய்யக் கூடாத வேலை. கோவை தலைமை அலுவலகத்தில் கட்டிய இமேஜ், அந்த அலுவலகத்தின் பிராக்ஸி முகவரியைச் சுமந்துகொண்டு மும்பை கிளவுடில் இறங்கும்; அங்கே அந்த முகவரியில் யாரும் இருக்க மாட்டார்கள். முகவரியோடு யூசர் நேமும் பாஸ்வேர்டும் சேர்ந்திருந்தால் இன்னும் மோசம், இமேஜைப் பிரித்துப் பார்க்கிற எவரும் படிக்கலாம். கட்டும் நேரத்துக்கு மட்டும் பிராக்ஸியைக் கொடுக்க டாக்கரில் பில்டு ஆர்கியுமென்ட் என்று வழி இருக்கிறது. அதில் பிராக்ஸிப் பெயர்களுக்குத் தனிச் சலுகை: முன்னறிவிப்பு இல்லாமலே ஏற்றுக்கொள்ளும், இமேஜின் வரலாற்றிலும் காட்டாது. ஓடும் நேரத்துச் சீட்டை கூபர்நெட்டிஸ் போன்ற மேலாளரின் பொறுப்பில் விடுவதே முறை. இடம் மாறினால் சீட்டு மாறும், இமேஜ் மாறாது.

சின்னதாக இரண்டு பொறிகளையும் சொல்லிவிடுகிறேன். எச்டிடிபிஎஸ்_பிராக்ஸி என்ற சீட்டில் எழுதும் முகவரி பெரும்பாலும் வெறும் ‘எச்டிடிபி’ என்றுதான் தொடங்க வேண்டும். பெயரில் உள்ள ‘எஸ்’ போகும் இடத்தைக் குறிக்கிறது, பிராக்ஸியை அல்ல. அடுத்தது 127.0.0.1. மெஷினிலேயே ஒரு பிராக்ஸி ஓடுகிறது என்று இந்த முகவரியைக் கன்டெய்னருக்குக் கொடுத்தால் வேலை செய்யாது. ஒவ்வொரு கன்டெய்னருக்கும் நெட்வொர்க் தனி, அதன் 127.0.0.1 அதற்குள்ளேயே இருக்கிறது.

இனி நோ_பிராக்ஸி. கிளவுடில் ஒரு கன்டெய்னர் வெளியே பேசுவதைவிட உள்ளே பேசுவதுதான் அதிகம்: டேட்டாபேஸோடு, பக்கத்துச் சேவைகளோடு, கூபர்நெட்டிஸோடு. குபிஅட்ம் என்ற கருவி கொண்டு நிறுவிய கூபர்நெட்டிஸில், வேறு எதுவும் சொல்லாவிட்டால், உள் சேவைகளின் முகவரிகள் 10.96.0.0/12 என்ற வட்டாரத்தில் இருக்கும், பெயர்கள் ‘கிளஸ்டர்.லோக்கல்’ என்று முடியும். இவற்றை விலக்குப் பட்டியலில் சேர்க்காவிட்டால், அடுத்த வீட்டோடு பேச வேண்டிய புரோகிராம் ஊர் எல்லைக்குப் போய் பிராக்ஸியிடம் கேட்கும். அந்த உள் முகவரிகள் பிராக்ஸிக்குத் தெரியாது. பிழை வரும், பிழைச் செய்தியில் பக்கத்துச் சேவையின் பெயர் இருக்கும், எல்லாரும் அந்தச் சேவையைப் பிடித்து உலுக்குவார்கள்.

கட்டாயம் பட்டியலில் இருக்க வேண்டிய இன்னொரு எண் 169.254.169.254. பெரிய கிளவுடுகளில் ஒரு மெஷின் ‘நான் யார், எனக்கு என்ன அதிகாரம்’ என்று தெரிந்துகொள்ளக் கேட்கும் முகவரி இது. கேட்டவருக்குத் தற்காலிகச் சாவிகள் கிடைக்கும். கேள்வி பிராக்ஸி வழியாகப் போனால் கேட்பது பிராக்ஸி ஆகிவிடுகிறது. அதாவது, பிராக்ஸி மெஷினின் சாவிகள் நம் கன்டெய்னர் கைக்கு வந்துவிடலாம். விளையாட்டில்லை. 2019 நவம்பரில் அமேசான் இந்தச் சேவையின் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தபோது, பிராக்ஸிகள் வழக்கமாக ஒட்டும் ‘இன்னாருக்காக அனுப்பியது’ என்ற தலைப்பு வரி இருந்தால் சாவிக்கான டோக்கனையே தராது என்று விதி வைத்ததற்குக் காரணம் இதையொத்த ஆபத்துதான்.

பட்டியலில் விடுபடுவது ஒரு தொல்லை, கூடுதலாக இருப்பது மற்றொன்று. நம் லாரி நிற்பதற்குக் காரணம் இரண்டாவது வகை என்று கொள்ளலாம். பழைய அலுவலக பிராக்ஸி அரசுத் தளங்களைத் திறக்கத் திணறியதால், யாரோ ஒரு நாள் ‘ஜிஓவி.இன்’ என்று முடியும் எல்லாப் பெயர்களையும் விலக்கில் சேர்த்தார். அலுவலகத்தில் அது சரியாகவே ஓடியது. அந்த வரி அப்படியே கிளவுடுக்கும் காப்பி ஆனது. அங்கே கன்டெய்னருக்கு நேராக வெளியே போகப் பாதையே கிடையாது. பிராக்ஸி பிழையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது, அரசுத் தளமும் விழித்திருக்கிறது, பில் புரோகிராம் மட்டும் இல்லாத பாதையில் போகப் பார்த்துக் காத்திருந்து, நேரம் முடிந்து திரும்புகிறது. பிராக்ஸியின் லாகை எவ்வளவு தோண்டினாலும் ஒன்றும் கிடைக்காது. அந்தக் கோரிக்கைதான் அதன் வாசலுக்கே வரவில்லையே.

பட்டியலைச் சரியாக எழுதினாலும், படிப்பவர் எப்படிப் படிக்கிறார் என்ற கேள்வி நிற்கிறது. கிட்லாப் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டான் ஹூ 2021 ஜனவரியில் எழுதிய ஒரு கட்டுரையில் கர்ல், டபிள்யூகெட் என்ற கருவிகளையும் ரூபி, பைத்தான், கோ என்ற மொழிகளையும் வரிசையாக நிறுத்தி, ஒரே நோ_பிராக்ஸியை ஐந்தும் எப்படி வேறுவேறாகப் படிக்கின்றன என்று காட்டினார். 10.96.0.0/12 போன்ற வட்டாரக் குறியீடு கோவுக்குப் புரியும், டபிள்யூகெட்டுக்குப் புரியாது. கர்ல் அதைக் கற்றுக்கொண்டது 2022 அக்டோபரில்தான். பைத்தானோடு கூடவே வரும் நூலகத்துக்குப் புரியாது. அதே பைத்தானில் எல்லாரும் பயன்படுத்தும் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்துக்குப் புரியும். பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தால் கோ மொழி உட்பெயர்களை மட்டும் விலக்கும், தாய்ப்பெயரை விலக்காது. கர்ல் அந்தப் புள்ளியைக் கண்டுகொள்வதே இல்லை.

ஜாவா இந்தச் சீட்டுகளையே பார்ப்பதில்லை. அதற்கு பிராக்ஸியைத் தனி ஆப்ஷனாகச் சொல்ல வேண்டும்; விலக்குப் பட்டியலில் காற்புள்ளிக்குப் பதில் செங்குத்துக் கோடு போட வேண்டும். நம் நாட்டுக் கணக்கு, வங்கி மென்பொருள்களில் ஜாவா எவ்வளவு என்று தெரிந்தவர்கள் இதை எண்ணிப் பெருமூச்சு விடுவார்கள். நோட் ஜேஎஸ் பல காலம் இதே கூட்டம்தான். 2025-ல் வந்த 24-ஆம் பதிப்பில்தான், அதுவும் தனியாக ஒரு சுவிட்சைப் போட்டால், சீட்டைப் பார்க்கத் தொடங்கியது.

பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்தில் எழுதுவதா, பெரிய எழுத்திலா? இரண்டிலும் எழுதிவிடுங்கள் என்பார்கள் அனுபவசாலிகள். காரணம் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. வெப் சர்வர் ஒரு புரோகிராமை அழைக்கும் பழைய சிஜிஐ முறையில், வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு தலைப்பு வரியின் பெயருக்கும் முன்னால் ‘எச்டிடிபி_’ என்று ஒட்டி, பெரிய எழுத்தாக்கி, சூழல் மாறியாக வைப்பார்கள். யாரோ ஒரு விஷமி ‘பிராக்ஸி’ என்ற பெயரில் ஒரு தலைப்பு வரியை அனுப்பினால்? அது பெரிய எழுத்து எச்டிடிபி_பிராக்ஸியாக உள்ளே போய் உட்காரும். புரோகிராம் அதை நம்பித் தன் அடுத்த கோரிக்கையை விஷமியின் சர்வர் வழியாக அனுப்பும். இந்த ஓட்டையை 2001-லேயே பெர்ல்காரர்கள் கண்டுபிடித்து அடைத்தார்கள். அதே ஆண்டில் கர்லும் அடைத்தது. இன்றும் கர்ல் இந்த ஒரு பெயரை மட்டும் சிறிய எழுத்தில்தான் படிக்கும். மற்றவர்கள் மறந்துபோனார்கள். 2016 ஜூலையில் அதே ஓட்டை எச்டிடிபாக்ஸி என்ற பெயரோடு பிஎச்பி, பைத்தான், கோ என்று பல இடங்களில் மறுபடி வெளிவந்தது. பதினைந்து ஆண்டு. எழுதி வைக்காத வழக்கத்துக்கு நினைவும் குறைவு.

சில நிறுவனங்களின் பிராக்ஸி குழாய் போட்டுவிட்டு ஒதுங்குவதில்லை. மறையைப் பிரித்துப் பார்த்து, தன் சான்றிதழால் மறுபடி மூடி அனுப்பும். அந்தச் சான்றிதழைக் கன்டெய்னருக்குள்ளும் சேர்க்காவிட்டால் புரோகிராம் நம்ப மறுக்கும், மறுப்பதுதான் சரி. அவசரத்தில் சான்றிதழ்ச் சோதனையையே அணைத்துவிடுகிறவர்கள் உண்டு. பில்லும் பணமும் போகும் பாதையில் அதைச் செய்யக் கூடாது.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க, பிழைச் செய்தியை நிதானமாகப் படித்தாலே பாதி தெரியும். 407 என்று வந்தால் பிராக்ஸி யூசர் நேம், பாஸ்வேர்டு கேட்கிறது. பாஸ்வேர்டில் ‘@’ குறி இருந்து, அதை %40 என்று மாற்றி எழுத மறந்திருக்கலாம். 403 என்றால் பிராக்ஸி வரை போயாயிற்று, அனுமதிதான் இல்லை. பிராக்ஸியே வெளித்தளத்தின் பெயரை ஐபியாக மாற்றிக்கொள்ளும் என்பதால், அந்தத் தளத்தின் பெயரையே கண்டுபிடிக்க முடியவில்லை என்று கன்டெய்னர் புலம்பினால், அது பிராக்ஸியை நாடவே இல்லை என்று பெரும்பாலும் முடிவு கட்டலாம். பிராக்ஸியின் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் சீட்டைப் படித்திருக்கிறது, முகவரிதான் தப்பு. இரண்டு செய்திகளும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். இரவு பத்து மணிக்கு இன்னும் ஒன்றுபோல இருக்கும்.

பட்டியலை மென்பொருளே எழுதிக்கொள்ளும் ஏற்பாடும் வந்திருக்கிறது. கூபர்நெட்டிஸின் மேல் கட்டிய ஓப்பன்ஷிஃப்டில் பிராக்ஸியை ஓரிடத்தில் சொன்னால், உள் நெட்வொர்க் வட்டாரங்களையும், பெரிய கிளவுடுகளில் அந்த 169.254.169.254-ஐயும் விலக்கில் தானாகச் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் அது பார்ப்பது தன் சொந்த உறுப்புகளின் பாட்டைத்தான். அதன் மேல் ஓடும் நம் பில் புரோகிராமுக்கு நாம்தான் எழுத வேண்டும். எழுதும்போது வட்டாரக் குறியீட்டோடு நிறுத்தாமல் சேவைகளின் பெயர்களையும் தனித்தனியாகக் கொடுத்தால், குறியீடு புரியாத நூலகங்களும் பிழைத்துப்போகும். சோதிக்கும்போது கன்டெய்னருக்குள் நுழைந்து கர்ல் போட்டுப் பார்த்துவிட்டு ‘வருகிறது சார்’ என்று சொல்வதில் பொருளில்லை. பில் புரோகிராம் ஜாவாவில் இருந்தால் ஜாவாவில் நாலு வரி எழுதித்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.